ஒரு வால்வில் படிந்த அழுக்கு

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. சிறுவயது முதல் நாம் கேட்டுவரும் அவ்வறிவுரையின் ஆழத்தை, நம் காலத்து நிகழ்வொன்று நன்கு விளக்குகிறது.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் புறப்படக் காத்திருந்தது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள். திட்ட இயக்குநர், இராமேசுவரத்துப் பள்ளிவாசலில் தொழுகை நடத்திவந்த ஜைனுலாப்தீனின் மகனார் அப்துல் கலாம்.

ஏவுகலத்துக்கு உந்துவிசை மட்டும் போதாது. காற்று தள்ளும், எரிபொருள் எரிய எரிய எடை குறையும். இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுத்து, பாதை பிறழாமல் காப்பதே கட்டுப்பாட்டு அமைப்பின் பணி. இரண்டாம் அடுக்கில், எரிபொருளும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்து எரிவதால் பிறக்கும் சிறு உந்துதல்களே அப்பணியைச் செய்ய வேண்டும்.

புறப்பாட்டுக்கு 8 நிமிடங்களுக்கு முன் நடந்த சோதனையில், அழுக்குப் படிந்த ஒரு வால்வு மூடாமல் நின்றது, அமிலம் கசிந்தது. கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. இருப்பு போதும் என வல்லுநர்கள் கணக்கிட்டுக் கூறவே, கலாம் கணினியை மீறி ஏவ முடிவு செய்தார். முதல் அடுக்கு குறையின்றி இயங்கியது. இரண்டாம் அடுக்கிலோ எரிபொருள் மட்டுமே பீய்ச்சப்பட்டது. திருத்தும் விசை பிறக்கவில்லை. 317 நொடிகளில் எல்லாம் முடிந்தது. ஏவுகலம் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அன்று செய்தியாளர்கள் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றவர், இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களிடம் பேசுமாறு அவர் கலாமையே அனுப்பினார். கலாமும் தம் முடிவின் பிழையை மறைக்கவில்லை. பிற்காலத்தில் மாணவர் அவைகளில் தாமே அதை எடுத்துரைத்து வந்தார்.

நாமோ, கவனக்குறைவால் விளைந்த இழப்பையும் 'தக்தீர்' என்று கூறிக் கடந்துவிடுகிறோம். நடந்தது இறைவனின் நாட்டமே, அதில் ஐயமில்லை. ஆயினும், நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பற்றிய கேள்வி அதனால் நீங்கிவிடாது. அவர்கள் விதியை நொந்து அமரவில்லை. எந்த வால்வு, எந்த நிமிடம் என்பதுவரை தேடிக் கண்டறிந்தார்கள். மறு ஆண்டின் வெற்றி அங்கிருந்தே தொடங்கியது.

கட்ட வேண்டிய கயிற்றைக் கட்டிய பின் அவனையே சார்ந்து நிற்கும் நல்லறிவை, வல்ல ரஹ்மான் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.