தீப்பொறியிலிருந்து குறியெண்ணுக்கு: பெங்களூரும் மோட்டார்ப் பழுதறிதலும்

1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. 1905-இல் அது பெங்களூரின் தெருவிளக்குகளையும் ஏற்றியது. கம்பிவழி வந்தது மாறுதிசை மின்னோட்டம். ஆனால் வேகத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைக்க வேண்டிய தொழிற்சாலைப் பணிகளுக்கு, நேர்த்திசை மின்னோட்ட மோட்டாரே நெடுங்காலம் உகந்ததாயிருந்தது. இவ்விரண்டையும் இணைக்க ஒவ்வொரு காலத்திலும் கையாண்ட வழியே, பழுதைத் தேடும் முறையையும் தீர்மானித்தது.

முதல் வழி, 1891-இல் அமெரிக்கப் பொறியாளர் ஹாரி வார்டு லியோனார்டு வகுத்தது. ஒரு மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்றும்; ஜெனரேட்டரின் புல மின்னோட்டத்தை மாற்ற, அது ஊட்டும் நேர்த்திசை மோட்டாரின் வேகம் மாறும். இங்கே பழுது கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டியது. கம்யூட்டேட்டரில் சீரான பழுப்புப் படலம் இருந்தால் நலம். சில பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் ஆர்மேச்சர்ச் சுருளின்மேல் ஐயம் எழும். இத்துறைக்கான படிப்பு இந்திய அறிவியல் கழகத்தில் 1911-இலேயே தொடங்கிவிட்டது. 1946-இல் கிர்லோஸ்கர் எலக்ட்ரிக் நிறுவனமும் இந்நகரில் தோன்றியது.

1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான தைரிஸ்டர், சுழலும் ஜெனரேட்டரை அகற்றியது. ஆறு தைரிஸ்டர்கள் கொண்ட மும்முனைப் பாலம், 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் நொடிக்கு 300 மேடுகளைத் தரும். ஒரு தைரிஸ்டர் இயங்காவிடில், ஒவ்வொரு சுற்றிலும் ஆறில் இரண்டு மேடுகள் கெடும். ஆசிலாஸ்கோப்பில் இது உடனே புலப்படும். ஆனால் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று குறையை ஈடுசெய்துவிடுவதால், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். சூடும் பிரஷ்களில் தீப்பொறியும் மட்டும் மிகும். கம்யூட்டேட்டரை மட்டும் பார்ப்பவர் மோட்டாரைக் குறைகூறுவார். பழுதோ பெட்டிக்குள் இருக்கிறது.

பின்னர் வந்த நுண்செயலி டிரைவ்கள் பழுதைக் குறியெண்ணாகக் காட்டின. இது பெரும் வசதிதான். எனினும் 'மிகை மின்னோட்டம்' என்னும் குறியெண், எந்தக் காப்பு செயற்பட்டது என்பதையே சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை. ஆர்மேச்சர்க் காப்புறைச் சிதைவு, தவறாக இயங்கும் தைரிஸ்டர், இறுகிப்போன பளு ஆகிய மூன்றும் அதே எண்ணைத் தரலாம். எண்ணைக் கண்டதும் கார்டை மாற்றும் வழக்கத்தில், காரணம் தேடும் பயிற்சி நழுவிவிடுகிறது.

பையப்பனஹள்ளியின் என்.ஜி.இ.எஃப். தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டது. ஆலைகள் மூடப்படும்போது எந்திரங்கள் ஏலப்பட்டியலில் ஏறுகின்றன; அவற்றின் பழுதறிந்தோரின் அனுபவம் எப்பட்டியலிலும் ஏறுவதில்லை. தீப்பொறியையும் அலைவடிவத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த அத்தலைமுறையினர் ஓய்வுபெற்றுவருகின்றனர். மின்பொறியியல், தொழில்நுட்ப வரலாறு ஆகிய இரு துறை மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே: உங்கள் ஊரிலுள்ள மூத்த பராமரிப்புப் பணியாளர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் ஒரு பழுதைக் கண்டறிந்த வரிசையை அவர் சொற்களிலேயே எழுதிவையுங்கள். நம் ஆவணக் காப்பகங்களில் இல்லாத வரலாறு அது.