கணினிப் பணியும் பயிற்சியும்: சரித்திரம் புகட்டும் பாடம்



"கணினி உதவிப் பணிக்கு எந்தப் பயிற்சியில் சேரலாம்?" என்று என்னிடம் கேட்க வரும் இளைஞர்கள் பெரும்பாலும் கையில் ஒரு விளம்பரத் தாளுடன் வருவார்கள். அலுவலகத்துக் கணினி நின்றுபோனால் அதை ஓடச் செய்வதும், வலைப்பின்னலைச் சீராக வைப்பதும், திகைத்து நிற்போருக்குப் பொறுமையாக வழிகாட்டுவதும் ஐ.டி. சப்போர்ட் எனப்படும் அப்பணியின் கடமைகள். அதற்குரிய பயிற்சியைத் தேர்ந்தெடுக்க, விளம்பரத்தைவிட இத்தொழிலின் சரித்திரமே தக்க துணை என்பது என் கருத்து.

நம் நாட்டில் கணினி புகுந்த நாளில், ஐ.பி.எம். நிறுவனம் இயந்திரங்களை வாடகைக்கு அளித்தது. தன் பொறியாளரைக் கொண்டே அவற்றைப் பராமரித்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அந்நிய நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவிகிதமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஐ.பி.எம். அதற்கு இணங்காமல் 1978-இல் வெளியேறியது. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை, 1975-இல் அரசு நிறுவிய கணினிப் பராமரிப்புக் கழகமாகிய சி.எம்.சி. ஏற்றது. பிற நிறுவனங்களின் இயந்திரங்களும் அதன் கைக்கு வந்தன. ஒரே நிறுவனத்தின் கருவியை மட்டும் அறிந்தவருக்கு அங்கே வேலை கடினம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான அடிப்படையை அறிந்தவருக்கோ எந்த இயந்திரமும் அந்நியமன்று. இது முதற்பாடம்.

1981-இல் ஐ.பி.எம். தனிக்கணினியை வெளியிட்டது. நாளடைவில் கணினி சிற்றூர் அலுவலகம் வரை வந்தது. பயிற்சி நிலையங்களும் பெருகின. கற்பிப்பவரே தேர்வு நடத்திச் சான்றிதழும் கொடுத்தால், அதன் தரத்தை யார் சொல்வது? இதற்கு விடையாக, மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இணைந்து 1990-இல் 'டோயெக்' திட்டத்தை வகுத்தன. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள் அமைந்தன. பயிற்சி எங்கே பெற்றாலும் தேர்வு பொதுவானது. ஓ நிலைக்குத் தாமே பயின்றவரும் தேர்வெழுத இடமுண்டு. 2011 முதல் இவ்வமைப்பின் பெயர் 'நீலிட்'.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கே காம்ப்டியா என்னும் தொழில்துறைச் சங்கம் 1993-இல் 'ஏ பிளஸ்' தேர்வைத் தொடங்கியது. அது எந்த நிறுவனத்தின் சரக்கையும் சார்ந்ததன்று. வன்பொருள், வலைப்பின்னல், பாதுகாப்பு ஆகியவற்றோடு வாடிக்கையாளரிடம் பேசும் பண்பையும் அது சோதிக்கிறது. மாறாக, ஒரு நிறுவனம் தன் மென்பொருளுக்காகவே தரும் சான்றிதழின் ஆயுள் அந்நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. உலகெங்கும் பெயர்பெற்ற எம்.சி.எஸ்.இ. சான்றிதழை மைக்ரோசாப்ட் நிறுவனமே 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

இதை நான் நூலில் மட்டும் கற்றவனல்லேன். 1990-களின் இறுதியில் என் மாணவன் ஒருவன் ஒரு நிலையத்தின் விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். நானும் மேலோட்டமாகப் படித்துவிட்டு, "சேர்ந்துகொள்" என்றேன். அவன் தந்தை அரை ஏக்கர் நிலத்தை ஒற்றி வைத்துக் கட்டணம் செலுத்தினார். அங்கே ஒரே ஒரு வலைப்பின்னல் மென்பொருளைத்தான் கற்பித்தனர், சான்றிதழும் அந்நிலையத்தினுடையதே. அவன் படித்து முடிப்பதற்குள் அலுவலகங்கள் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டன. பிறகு அவன் பழுது பார்க்கும் கடை ஒன்றில் சொற்ப ஊதியத்துக்குச் சேர்ந்தான். பகலில் கணினிகளைப் பிரித்துப் பூட்டினான். இரவில் படித்து ஓ நிலை தேறினான். இன்று அவன் நல்ல நிலையில் இருக்கிறான். ஆயினும் அந்நிலத்தை மீட்க ஆறு ஆண்டுகள் ஆயின. அவனிடம் நான் கேட்கத் தவறிய கேள்விகளையே இன்று உங்களிடம் வைக்கிறேன்.

இப்பயிற்சி அடிப்படையைக் கற்பிக்கிறதா, ஒரு சரக்கை மட்டுமா? கற்பிப்பவர் ஒருவரும் தேர்வு நடத்துபவர் மற்றொருவருமாக இருக்கின்றனரா? மாணவன் கையில் திருப்புளியைக் கொடுக்கிறார்களா, கரும்பலகையோடு நிறுத்திவிடுகிறார்களா? கையால் செய்து கற்க வேண்டும் என்பது நம் நாட்டில் புதிய கொள்கையன்று. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் அதன்மேல்தான் நிற்கின்றன. அரசு ஐ.டி.ஐ.க்களில் குறைந்த செலவில் கணினிப் பயிற்சி பெறலாம் என்பதையும் மறவாதீர்கள்.

இயந்திரங்கள் மாறும்; சான்றிதழ்களும் காலாவதியாகும். பழுதின் காரணத்தை முறையாகத் தேடிக் காணும் அறிவோ மாறாதது. அதைத் தரும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். கேட்க வேண்டியவற்றைக் கேட்ட பின்னரே பணத்தைக் கட்டுங்கள். அப்பணம் பெரும்பாலும் உங்கள் பெற்றோரின் உழைப்பு.