பொய்ப்பெயரில் பிறந்த தட்டு

1985 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினமாகப் பார்த்து இங்கிலாந்துக் கடைகளில் ஓர் இசைத்தட்டு வந்து இறங்கியது. பெயர் '25 ஓ'கிளாக்'. ஆறே பாட்டு. பாடியவர்கள் 'தி டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டாஸ்பியர்'. அப்படி ஒரு குழுவை யாரும் கேள்விப்பட்டதில்லை. சர் ஜான் ஜான்ஸ், தி ரெட் கர்ட்டன், லார்ட் கொர்னீலியஸ் பிளம், இ.ஐ.இ.ஐ. ஓவன் என்று நால்வர். 'ஓல்டு மெக்டொனால்டு' குழந்தைப் பாட்டின் பல்லவியை இனிஷியலாக வைத்துக்கொண்ட அந்த டிரம்மரைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேஷத்துக்குள் இருந்தது ஸ்விண்டன் ஊரின் எக்ஸ்டிசி குழு. ஆண்டி பார்ட்ரிட்ஜ், காலின் மோல்டிங், டேவ் கிரெகரி. டிரம்ஸுக்கு டேவின் சகோதரர் இயன். மேடை பயம் முற்றி 1982-லேயே பார்ட்ரிட்ஜ் கச்சேரிகளைக் கைவிட்டிருந்தார். 1984-ல் வந்த அவர்களது தட்டு 'தி பிக் எக்ஸ்பிரஸ்' சரியாகப் போகவில்லை. அந்த நேரத்தில்தான் வர்ஜின் கம்பெனியிடம் 5,000 பவுண்டு வாங்கிக்கொண்டு ஹெரிஃபோர்டில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள்.

தங்களுக்குத் தாங்களே சட்டமும் போட்டுக்கொண்டார்கள்: எல்லாம் 1967, 68 பாணியில் இருக்க வேண்டும், இரண்டு டேக்குக்கு மேல் கிடையாது, முடிந்தவரை பழைய கருவிகள். டேவ் கிரெகரியின் மெலோட்ரான் வந்தது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அமுக்கினால் பதிந்து வைத்த வயலினோ புல்லாங்குழலோ எட்டு வினாடி போல ஒலிக்கும், பிறகு டேப் தீர்ந்து நின்றுவிடும். 'தி மோல் ஃப்ரம் தி மினிஸ்ட்ரி' பாட்டில் 1967 பீட்டில்ஸின் வாடை தூக்கலாக அடிக்கும். தயாரிப்பாளர் ஜான் லெக்கியோ பீட்டில்ஸ் பதிவு செய்த அபே ரோடு ஸ்டுடியோவில் 1970-ல் டேப் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். உறையில் அவர் இரண்டு ஆள்: சொந்தப் பெயர் ஒன்று, ரஜனீஷ் சீடராகப் பெற்ற 'சுவாமி ஆனந்த் நாகரா' இன்னொன்று.

இங்கிலாந்தில் இந்தக் கேலித் தட்டு 'தி பிக் எக்ஸ்பிரஸை'விட அதிகமாக விற்றது. எக்ஸ்டிசிக்கு இது பெருமையா, அவமானமா? என் கணக்கில் அது விற்ற காரணம் எளிது: சொந்தப் பெயரில் முட்டி மோதியவர்கள், கடன் வாங்கிய பெயரில் ஜாலியாக வாசித்தார்கள். கேலி என்று ஆரம்பித்தாலும் அந்தக் காலப் பாட்டுகளை அவர்கள் எவ்வளவு ரசித்தவர்கள் என்பது மறைக்க முடியாமல் தெரிகிறது.

அந்த வாசனை 1986-ல் எக்ஸ்டிசி பெயரில் வந்த 'ஸ்கைலார்க்கிங்' தட்டிலும் ஒட்டிக்கொண்டது. 1987-ல் டியூக்குகள் 'சோனிக் சன்ஸ்பாட்' என்ற முழு நீளத் தட்டோடு திரும்பினார்கள். அதில் பீச் பாய்ஸையும் விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு இரண்டு தட்டுகளும் ஒரே குறுந்தகடாயின. 2009 மறுபதிப்பில் எக்ஸ்டிசி என்ற பெயரும் அட்டையிலேயே ஏறிவிட்டது.