வயிற்றுவலிக்கு ரூட் காஸ்

2021 டிசம்பர் 18. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் எழுதினார்: "பெங்களூரு ஹைவே பக்கம் போகாதீங்க, பொண்ணுங்க ரோட்ல உக்காந்திருக்காங்க." ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். எனக்கு அது டிராஃபிக் செய்தி.

உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் பெண்கள். பூந்தமல்லி பக்கம் அவர்களுடைய ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி 250க்கும் மேற்பட்டோருக்கு உடம்பு முடியாமல் போனது. 159 பேர் ஆஸ்பத்திரியில். சிலர் செத்துவிட்டதாக வதந்தி கிளம்பியதும் மற்றவர்கள் சாலைக்கு வந்தார்கள். வதந்தி பொய்தான். ஆனால் அதைச் சட்டென்று நம்பும் நிலையில் அவர்கள் இருந்தார்கள் என்பது நிஜம்.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் ரூட் காஸ் எழுதுவோம். ஐந்து முறை 'ஏன்' கேட்கணும். ஏன் வாந்தி? சாப்பாடு. சாப்பாடு ஏன் கெட்டது? சமையலறையில் எலி, சரியில்லாத வடிகால் என்றது உணவுப் பாதுகாப்புத் துறை. ஏன் அங்கேயே சாப்பிட்டார்கள்? தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்தால் பஸ் அங்கேதான் இறக்கிவிடும். பலர் தரையில் படுத்தார்கள், ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை. ஏன் முன்பே புகார் சொல்லவில்லை? யாரிடம் சொல்வது? ஹாஸ்டல் ஒருவர், ஆள் எடுப்பது இன்னொருவர், மேலே ஆலை, அதற்கும் மேலே ஆப்பிள். பொறுப்பு மாடி ஏறி ஏறிக் காணாமல் போய்விடும். வேலை போகுமோ என்ற பயம் மட்டும் கீழேயே நிற்கும்.

1848இல் மேல் சைலீசியாவில் டைபஸ் பரவியது. பிரஷ்ய அரசு ருடால்ஃப் விர்கோ என்ற 26 வயது டாக்டரை அனுப்பியது. அவர் திரும்பி வந்து சொன்ன வைத்தியம்: கல்வி, சுதந்திரம், ஜனநாயகம், வறுமை ஒழிய வழி. அரசு எதிர்பார்த்தது இந்தச் சீட்டை அல்ல.

இங்கே அந்தச் சீட்டை எழுத டாக்டர் யாரும் வரவில்லை. நோயாளிகளின் தோழிகளே சாலையில் உட்கார்ந்து எழுதினார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12இல் ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது.

வாந்தியைக் குளுக்கோஸ் நிறுத்தியிருக்கும். சமையலறையை யாராவது எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஹைவே நிற்க வேண்டியிருந்தது.

என் தம்ஸ்-அப் இன்னும் அந்தக் குரூப்பில் கிடக்கிறது.