வட சென்னை குறித்த முன்முடிவுகளும் நகைச்சுவையும்

வட சென்னை குறித்த முன்முடிவுகள் என்பவை, சென்னை மாநகரின் வடக்கே உள்ள இராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களின் மக்களைக் கரடுமுரடான பேச்சு, அடிதடி, கல்வியின்மை ஆகியவற்றோடு பிணைத்துக் காட்டும் பொதுக்கருத்துகள் ஆகும். திரைப்படங்கள், மேடை நாடகங்கள், அன்றாடக் கேலிப்பேச்சு ஆகியவற்றின் வழியாக இவை பரவியுள்ளன.

பிற நாடுகளில்

ஒரு வட்டாரத்தாரை அறிவிலிகளாகச் சித்தரிக்கும் துணுக்குகள் பல நாடுகளில் வழங்குகின்றன. செருமனியில் கிழக்கு பிரீசியரும், கனடாவில் நியூபவுண்ட்லாந்துத் தீவினரும், எசுப்பானியாவில் லேப்பே என்னும் ஊரினரும் இவ்வாறு கேலிக்கு உள்ளாகின்றனர். இத்தகைய துணுக்குகளை ஆராய்ந்த சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ், கேலிக்கு உள்ளாவோர் பெரும்பாலும் அந்நியர் அல்லர் என்றும், கேலி செய்வோரை ஒத்திருந்தும் விளிம்பில் வாழ்பவர்கள் என்றும் விளக்கினார். வட சென்னைக்கு இவ்விளக்கம் பாதியே பொருந்தும். பேச்சுமொழி வேறுபாடு இங்கு உண்டு; ஆனால் இப்பகுதி நகரின் விளிம்பு அன்று, நகரம் வளரத் தொடங்கிய இடம்.

வரலாறு

புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இந்தியர் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்தனர். 1911இல் அது ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடருந்து 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1918இல் பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இது இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகின்றது. விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்பீல்டும் ஆலைகளை அமைத்தன. வசதி படைத்தோர் தெற்கிலும் மேற்கிலும் குடியேற, துறைமுகமும் ஆலைகளும் உழைப்பாளர் குடியிருப்புகளும் வடக்கிலேயே தங்கின.

பேச்சுமொழி

கேலியின் முதன்மைக் கருவி 'மெட்ராஸ் பாஷை' எனப்படும் சென்னைத் தமிழே. துறைமுக நகரில் பல மொழியினர் கலந்து வாழ்ந்ததன் தடயங்கள் இதில் உள்ளன. நாஷ்டா, பேஜார், கலீஜ் ஆகியவை உருது வழியாக வந்தவை. நைனா தெலுங்குச் சொல். துட்டு என்பது இடச்சு நாணயத்தின் பெயர். வசைச்சொல்லாகிவிட்ட கஸ்மாலம் சமசுகிருதம். நாகரிகமற்றதாகக் கருதப்படும் 'குந்து' தூய தமிழ்ச் சொல். ஒரே வாக்கியத்தில் நான்கு ஆங்கிலச் சொற்களைக் கலப்போரும் 'நாஷ்டா' என்பதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு.

திரைப்படங்களில்

சபாஷ் மீனா (1958) திரைப்படத்தில் ஜே. பி. சந்திரபாபுவும், காசேதான் கடவுளடா (1972) திரைப்படத்தில் தேங்காய் சீனிவாசனும் இப்பேச்சால் புகழ் பெற்றனர். லூஸ் மோகன் ஏறக்குறைய இதனாலேயே அறியப்பட்டார். நாயகன் செந்தமிழோ பொதுத்தமிழோ பேச, நகைச்சுவை நடிகர் சென்னைத் தமிழ் பேசுவது வழக்கமாயிற்று.

2000களுக்குப் பின் சிரிப்பின் இடத்தை அச்சம் பிடித்தது எனலாம். பொல்லாதவன் (2007), வட சென்னை (2018) போன்றவற்றில் இப்பகுதி குற்றக்குழுக்களின் களமாயிற்று. வட சென்னை படத்தில் படகில் நிகழும் ஒரு காட்சி தங்களை இழிவுபடுத்துவதாக மீனவர்கள் எதிர்த்தனர். இயக்குநர் வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து அதனை நீக்க இசைந்தார்.

பா. இரஞ்சித் இயக்கிய மெட்ராஸ் (2014) மாறுபட்டது. வியாசர்பாடியில் நிகழும் இக்கதையின் நாயகன் தகவல் தொழினுட்ப நிறுவன ஊழியன். அவரது சார்பட்டா பரம்பரை (2021) 1970களின் குத்துச்சண்டைக் குழுக்களைப் பற்றியது. விளையாட்டு இப்பகுதியில் இன்றும் வலுவாக உள்ளது: 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

விளைவுகள்

வேலைக்கான நேர்காணலிலும் வாடகை வீடு தேடும்போதும் முகவரியைச் சொல்லத் தயங்க வேண்டியுள்ளதாக இப்பகுதி இளைஞர்கள் கூறி வருகின்றனர். சென்னை மெட்ரோ 2015இல் ஓடத் தொடங்கியது. திருவொற்றியூரை 2021இல்தான் எட்டியது.

'ஏற்கெனவே அழுக்கான இடம்' என்னும் எண்ணமே மாசு மிகுந்த தொழில்களை மேலும் இங்கே குவிக்க இடந்தருகின்றது என்பது சூழலியலாளர் வாதம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. 2017 சனவரியில் எண்ணூர்க் கடற்பகுதியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் கலந்து, மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததால் பெரியகுப்பம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.