விளையாட்டின் நடுவே உறைந்துபோகும் கணிப்பொறி

விளையாட்டு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது கணிப்பொறியின் திரை அப்படியே நின்றுவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மவுஸை அசைத்தாலும் அம்புக்குறி நகராது. விசைகளை அழுத்தினாலும் பயன் இராது. சில வேளைகளில் கடைசியாக வந்த ஓசையே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று சொல்லி, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போடுகிறோம். ஒன்றுமே நடவாததுபோல் பொறி இயங்குகிறது. கடிதம் தட்டெழுதும்போதோ கணக்குப் போடும்போதோ இத்தொல்லை வருவதில்லை. எனவே விளையாட்டின்மேல் பழி போடுகிறோம். அல்லது யாரோ சொன்னதை நம்பி, நல்ல நிலையிலுள்ள ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்கிப் பொருத்துகிறோம். பணம் போகிறது, தொல்லை போவதில்லை.

இந்த நோய் இன்று தோன்றியதன்று. கணிப்பொறி பிறந்த நாளிலிருந்தே அதனோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது. அதன் காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்த இடம், வெப்பம், மின்னழுத்தம், மின்னூட்டம் என்று நாம் பள்ளியில் படித்த இயற்பியல்தான் எனலாம். அந்த வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து பார்த்தால், நம் வீட்டுப் பொறியின் பழுதை எப்படித் தேடவேண்டும் என்பதும் விளங்கும்.

மின்குழல்கள் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு, 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ‘எனியாக்’ என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது உட்கொண்ட மின்திறன் சுமார் 150 கிலோவாட். இத்தனை குழல்களில் ஏதேனும் ஒன்று கெட்டாலும் கணக்கு தவறிவிடும். எனவே, இப்பொறி சில நிமிடங்கள்கூடத் தொடர்ந்து ஓடாது என்று ஐயுற்றவர்களும் உண்டு.

வடிவமைப்பாளர்களில் ஒருவரான பிரெஸ்பர் எக்கெர்ட் இதற்கு ஒரு வழி கண்டார். குழல்கள் தாங்கக்கூடிய அளவைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே அவற்றை இயக்கினார். இன்னொன்றும் தெரியவந்தது. குழல்கள் பெரும்பாலும் பொறியைப் போடும்போதும் நிறுத்தும்போதுமே கெட்டன. சூடேறும்போது பொருள்கள் விரிகின்றன, குளிரும்போது சுருங்குகின்றன. இப்படி மாறி மாறி இழுபடும்போது இழைகளும் இணைப்புகளும் தளர்ந்துபோகின்றன. ஆகவே பொறியை நிறுத்தாமலே வைத்திருந்தார்கள். அதன்பின் ஏறக்குறைய இரண்டு நாட்களுக்கு ஒரு குழல் என்ற அளவில் பழுது குறைந்தது. 1954-இல் அது 116 மணி நேரம் பழுதின்றித் தொடர்ந்து ஓடியது.

சூடேறுவதும் குளிர்வதும் மின்னணுப் பொறியின் பகை என்ற இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, ஒரு விளையாட்டுப் பொறி இதை மீண்டும் நமக்குக் கற்பிக்கப் போகிறது.

பூச்சியும் பழமும்

பொறியில் ஏற்படும் பழுதைப் ‘பூச்சி’ என்று குறிப்பிடும் வழக்கம் எடிசன் காலத்திலேயே இருந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ கணிப்பொறியில் உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டது. மின்காந்த இணைப்பி ஒன்றில் சிக்கிக் கிடந்த அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். காரணத்தைக் கண்ணால் காணக்கூடிய பழுது அது.

கண்ணுக்குத் தெரியாத பழுது ஒன்றையும் பார்ப்போம். 1980-இல் ஜப்பானில் வெளிவந்த ‘பேக்-மேன்’ விளையாட்டில், எத்தனையாவது கட்டம் என்ற எண் எட்டு பிட்டுகளில் எழுதப்பட்டது. எட்டு பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255. ஆட்டக்காரர் 256-ஆவது கட்டத்தை எட்டியதும், பழங்களின் படங்களை வரையும் பகுதியில் அந்த எண் சுற்றிவந்து சுழியாகிவிடுகிறது. நிரல் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வரைந்துகொண்டே போகிறது. திரையின் வலப்பாதி குழம்பிவிடுகிறது. அக்கட்டத்தை முடிக்கவே இயலாது.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இத்தவறு எல்லாப் பொறிகளிலும் ஒரே இடத்தில், ஒரே விதமாக வரும். நிரலில் உள்ள தவறின் இயல்பு பெரும்பாலும் இதுவே. ஒரு பொறியில் மட்டும், இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் ஆட்டம் நின்றால், நிரலைவிடப் பொறியைத்தான் முதலில் ஐயுறவேண்டும்.

உறுப்பு உடையாமலே ஒரு பழுது

1970-களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகளில் விந்தையான பிழைகள் தோன்றின. சேமித்து வைத்த 1 எப்போதாவது 0 ஆக மாறியிருக்கும். மீண்டும் எழுதினால் அதே இடம் சரியாக வேலை செய்யும். எந்த உறுப்பும் கெடவில்லை. டிமோத்தி மே, முர்ரே உட்ஸ் என்னும் இருவர் 1978-இல் காரணத்தை வெளியிட்டார்கள். சில்லைப் பொதிந்திருந்த பீங்கான் உறையில் மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட ஆல்ஃபா துகள்களே குற்றவாளிகள்!

இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிலிக்கனில் ஒரு எலெக்ட்ரானை விடுவிக்கச் சராசரியாக 3.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. ஆல்ஃபா துகளின் ஆற்றல் 50 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், ஒரே துகள் சுமார் 14 லட்சம் எலெக்ட்ரான்களை விடுவிக்கும். அக்கால நினைவகத்தில் ஒரு பிட்டைக் காத்துநின்ற மின்னூட்டமும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் இருந்தது. ஒரு துகள் பாய்ந்தால் ஒரு பிட் அழிவதில் வியப்பென்ன? காரணம் தெரிந்தபின் தூய்மையான உறைப்பொருள்களைத் தேடத் தொடங்கினார்கள்.

விளையாட்டும் வெப்பமும்

இனி நம் கேள்விக்கு வருவோம். விளையாடும்போது மட்டும் பொறி ஏன் உறைகிறது?

கடிதம் தட்டெழுதும்போது செயலி பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கிறது. உங்கள் விரல் ஒரு விசையிலிருந்து அடுத்த விசைக்குப் போவதற்குள் அது கோடிக்கணக்கான செயல்களைச் செய்து முடித்துவிடும். விளையாட்டிலோ நொடிக்கு 60 படங்கள் வரைந்தாக வேண்டும். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஒருசேர, மணிக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கின்றன. சமதரையில் மெல்ல மிதிக்கும்போது தெரியாத சைக்கிள் சங்கிலியின் தளர்ச்சி, மேட்டில் ஏறும்போது தெரிந்துவிடுகிறதல்லவா? அதுபோன்றதே இதுவும்.

சில்லில் எழும் வெப்பம் கடிகாரத் துடிப்பின் வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டையும் பத்துப் பத்து விழுக்காடு உயர்த்தினால் வெப்பம் 33 விழுக்காடு கூடிவிடும். 1993-இல் வந்த முதல் பென்டியம் சில்லு ஏறத்தாழ 15 வாட் உட்கொண்டது. 2022-இல் வந்த உயர்தர மேசைக் கணிப்பொறிச் சில்லு ஒன்று உச்ச வேலையில் 253 வாட் வரை உட்கொள்ளும். நான்கு 60 வாட் குண்டு பல்புகளின் வெப்பத்தைச் சில சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து வெளியேற்றியாக வேண்டும். விசிறியில் தூசி படிந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சூடு மிகும்போது சில்லின் உள்ளே குறிப்பலைகள் தாமதப்படக்கூடும். அடுத்த துடிப்புக்குள் வந்து சேரவேண்டிய 1 வராவிட்டால் அங்கே 0 பதிவாகிவிடும். ஒரு பிட் தவறினாலும் செயலி தவறான கட்டளைக்குத் தாவிவிடலாம். திரை உறைவது இப்படித்தான். 2000-இல் வந்த பென்டியம் 4 முதலாக, சூடு மிகுந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு மேசைக் கணிப்பொறிச் சில்லுகளில் வரத்தொடங்கியது. அதனால்தான் இக்காலப் பொறிகளில் உறைவதற்கு முன்பே ஆட்டம் தடுமாறி மெதுவாவதைக் காண்கிறோம்.

மூன்று சிவப்பு விளக்குகள்

2005 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘எக்ஸ்பாக்ஸ் 360’ விளையாட்டுப் பொறி வெளிவந்தது. பலரது வீடுகளில் அது ஆட்டத்தின் நடுவே உறைந்தது, பின்னர் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன, பொறி செயலற்றுப்போனது. 2007 ஜூலையில் அந்நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. இதற்கென ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்!

சில்லுகளில் உள்ள மெல்லிய இணைப்புகள் விரிசல் கண்டதே காரணம் என்று 2021-இல் அந்நிறுவனத்தார் விளக்கினார்கள். ஓயாமல் ஓடியதால் விரிசல் வரவில்லை. பொறியைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்ததில், சூடேறிக் குளிர்ந்து வந்த விரிசல் அது. எனியாக் பொறியாளர்கள் மின்குழல்களிடம் கற்ற அதே பாடம்!

பொய் சொன்ன அறிவிப்பு

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றைக் கொண்ட சில பொறிகளில் ஆட்டங்கள் முறிந்தன. ‘காட்சி நினைவகம் போதவில்லை’ என்ற அறிவிப்பு திரையில் தோன்றியது. இதைப் படித்தவர் யாரை ஐயுறுவார்? கிராபிக்ஸ் கார்டைத்தானே! உண்மையில் தவறியது செயலி. சுருக்கி வைத்த விளையாட்டுத் தரவை விரித்தெடுக்கும் கணக்கில் அது பிழை செய்தது.

2024-இல் காரணம் வெளிவந்தது. செயலி தன் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றிருக்கிறது. மிகை மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து, கடிகாரத் துடிப்பை வழங்கும் சுற்றை விரைவில் முதுமையடையச் செய்துவிட்டன. ஆகஸ்ட் மாதம் திருத்தம் வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அத்திருத்தம் இனி வரும் கேட்டைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே கெட்ட சில்லைக் குணப்படுத்தாது. குறைந்த மின்னழுத்தத்தில் இயக்கிக் குழல்களைக் காத்த எக்கெர்ட்டின் முறை இங்கே நினைவுக்கு வருகிறதல்லவா?

நாம் செய்யத்தக்கது என்ன?

ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்கிறோம். வீட்டிலும் அதே முறைதான். முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஆட்டம் தொடங்கி எத்தனை நிமிடங்களில் உறைகிறது? ஒரே இடத்திலா, வெவ்வேறு இடங்களிலா? எல்லா விளையாட்டுகளிலுமா, ஒன்றில் மட்டுமா?

ஒரே விளையாட்டில், ஒரே இடத்தில் என்றால் விளையாட்டு நிரலையும் கிராபிக்ஸ் கார்டின் இயக்கி நிரலையும் புதுப்பித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் கழிந்தபின் உறைந்தால் வெப்பத்தை ஐயுறுங்கள். வெப்பநிலையைக் காட்டும் நிரலை ஓடவிட்டுக் கவனியுங்கள்; மின்இணைப்பைத் துண்டித்தபின் விசிறியிலும் ஹீட் சிங்கிலும் உள்ள தூசியை அகற்றுங்கள். செயலியின் வேகத்தை யாரேனும் கூட்டிவைத்திருந்தால் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். எவ்வித ஒழுங்குமின்றி உறைந்தால் ரேமைச் சோதிக்கும் நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிடுங்கள். இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள்.

இவ்வளவிலும் பிடிபடாவிட்டால் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மீது கண் வையுங்கள். ஆட்டம் சூடுபிடிக்கும்போது மின்னோட்டம் திடீரென்று கூடும். அதன் மின்தேக்கிகள் தளர்ந்திருந்தால் மின்னழுத்தம் சரிந்து பொறி நின்றுவிடும். ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். நண்பரிடமுள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை, உங்கள் பொறிக்குப் பொருந்துவதுதானா என்று பார்த்து, இரவலாக வாங்கிப் பொருத்திச் சோதிப்பதே முறை.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே விளையாட்டை அதே நேரம் ஓடவிட்டு, முடிவைத் தாளில் எழுதுங்கள். காரணம் இன்னதென்று அந்தத் தாள் காட்டிய பிறகு கடைக்குச் செல்லுங்கள். வாங்கவேண்டிய உறுப்பு எது என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.