சர்க்கரையை மின்சாரமா மாத்துன கதை

தினமும் காலையில அப்பா விரல்ல ஊசி குத்தி, ஒரு துளி ரத்தத்தை ஸ்ட்ரிப்ல வைப்பார். சில விநாடியில மீட்டர் 142னு காட்டும். மெஷின் சர்க்கரையை நேரடியா அளக்குதுன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். உண்மையில அது அளக்குறது மின்சாரத்தை. சர்க்கரை எப்படி மின்சாரம் ஆச்சு?

கதை ஆக்ஸிஜன்ல ஆரம்பிக்குது. 1950கள், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம். லேலண்ட் கிளார்க் என்ற உயிர்வேதியியலாளர், ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் ஏத்துற கருவியை உருவாக்கிட்டிருந்தார். ஆனா ஏறின ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு அளக்க நல்ல வழி இல்ல. பிளாட்டினம் மின்முனையை ரத்தத்துல நேரா வைச்சா, புரதம் படிஞ்சு ரீடிங் கெட்டுடும். 1954ல அவர் மின்முனைகளை மெல்லிய பாலிஎத்திலீன் படலத்துக்குப் பின்னால வைச்சார். ஆக்ஸிஜன் உள்ளே நுழையும், புரதம் நுழையாது. ஆக்ஸிஜனுக்கு ஏத்த மாதிரி மின்சாரம் பாயும்.

1962ல கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் அடுத்த படி போனாங்க. அந்த மின்முனை மேல குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை வைக்கலாம்னு எழுதினாங்க. இந்த நொதி குளுக்கோஸை மாத்தும்போது ஆக்ஸிஜனைச் செலவழிக்கும். சர்க்கரை கூடினா ஆக்ஸிஜன் குறையும், மின்சாரமும் குறையும். அவ்வளவுதான் ஐடியா!

ஒரு சிக்கல்: ரத்தத்துல இருக்கிற ஆக்ஸிஜனே ஏறி இறங்கினா கணக்கு தப்பும். 1984ல பிரிட்டன் ஆய்வாளர்கள், எலக்ட்ரானைச் சுமக்கிற வேலையை ஆக்ஸிஜன்கிட்ட இருந்து வாங்கி, ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்துக்குக் கொடுத்தாங்க. 1987ல பேனா அளவு மீட்டர் கடைக்கு வந்துச்சு.

நம்ம கணையமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யுது. பீட்டா செல் குளுக்கோஸை எரிச்சு ஏடிபி ஆக்கும். ஏடிபி கூடினா பொட்டாசியம் வாசல் மூடும், செல்லோட மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். முதல் வகை நீரிழிவுல அழியறது இந்த செல்கள்தான். அதாவது உடம்போட சொந்த சென்சாரே போயிடுது. அந்த இடத்துலதான் ஸ்ட்ரிப் நிக்குது. அது காட்டுற எண்ணை நம்பித்தான் ஊசி அளவு முடிவாகுது. எண் தப்பினா உயிருக்கே ஆபத்து.

ஈரம் பட்டா ஸ்ட்ரிப்ல இருக்கிற நொதி கெட்டுப்போகும். அப்பா டப்பாவைத் திறந்தே வைப்பார். இப்போ நான் மூடி வைக்கிறேன். உங்க வீட்லயும் ஒருமுறை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!